பாகன் எங்கே?

1991ஆம் ஆண்டு ஆடி மாதம். கனடாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரத்தில், ஒரு வீட்டின் பேஸ்மென்றில் நாங்கள் ஐந்து பெடியள் இருந்தோம். ஐந்து பேருக்கும் இரவு வேலை. பகலில் யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டிவிட்டுப் படுப்போம். எங்களில் ஒருவன் எப்படியோ காசு சேர்த்து ஒரு பழைய கார் வாங்கினான். வாங்கிய முதல் ஞாயிறு, 'வாங்கோடா, உங்களுக்கு ஒரு யானை காட்டுறன்' என்று சொல்லி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனான்.

அரை மணித்தியாலம் தெற்கே ஓடினால் சென்ற் தோமஸ் வரும். சோளக் காணிகளுக்கு நடுவே ஒரு றெயில்வே ஊர். ஊரின் மேற்கு எல்லையில் ரோல்பற் வீதி மேடேறும் இடத்தில் ஒரு யானை நிற்கிறது. கொங்கிரீற்றால் செய்த யானை. உயிரோடு நின்றபோது எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். பெயர் ஜம்போ. அந்த ஊரில் றெயில் மோதிச் செத்த யானை அது. செத்து நூறு வருசமானதை நினைத்து 1985இல் அந்தச் சிலையை வைத்தார்கள். வின்ஸ்ரன் புறோனம் என்ற சிற்பி நியூ பிரன்ஸ்விக்கில் செய்ததை அங்கிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இரவல் வாங்கிய ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு அதன் கீழே நின்று படம் எடுத்தேன். மூன்று கொப்பி கழுவி, ஒன்றை மானிப்பாய்க்கு அம்மாவுக்கு அனுப்பினேன். ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்த காலம். கடிதம் எந்த வழியால் போய் எந்த வழியால் வந்ததோ, பதில் கிடைக்க நாலு மாதம் எடுத்தது. அம்மாவின் எழுத்து சின்னச் சின்னதாக, பேப்பர் மிச்சம் பிடித்து எழுதியது. 'தம்பி, படம் கிடைச்சது. மெலிஞ்சு போனாய். ஜக்கற் பெரிசாக் கிடக்கு. யானை வடிவாயிருக்கு, காது சுளகு மாதிரி. ஆனால் பாகனைக் காணேல்லை. பாகன் எங்கே?'

அம்மாவுக்கு அது சிலை என்று விளங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த கடிதத்தில் விளக்கி எழுதினேன். அதற்கும் பதில் வந்தது. 'சிலை எண்டு தெரியும். சிலை வைச்சவை பாகனையும் வைச்சிருக்கலாம்தானே.'

அந்தக் கேள்வியை அன்று வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். ஆனால் அது என்னை விடவில்லை. முப்பது வருசத்துக்கு மேலாக, வேலை இல்லாத நாட்களில் நூலகத்தில் இருந்தும், பிறகு பிள்ளைகளின் கொம்பியூட்டரில் இருந்தும், நான் அந்தப் பாகனைத் தேடியிருக்கிறேன்.

அம்மா ஏன் பாகனைக் கேட்டா என்பதற்கு ஒரு கதை உண்டு. 1973இல், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஒரு சர்க்கஸ் கொட்டகை போட்டார்கள். இந்தியாவில் இருந்து வந்த சின்னக் கொம்பனி. சிங்கம் ஒன்று, ஒட்டகம் ஒன்று, நாலைந்து நாய்கள், ஒரு யானை. ஐயா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி மாலைக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நேரத்துக்கு முந்திப் போய்விட்டதால் கொட்டகையின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நின்றோம். கோட்டை அகழிப் பக்கத்துக் காற்றில் தகரங்கள் அடிபட்டுக்கொண்டிருந்தன.

அங்கே அந்த யானை நின்றது. சிவப்பு நிறம் அடித்து வெள்ளை நட்சத்திரம் கீறிய ஒரு முக்காலி. அதன்மேல் யானை முன் வலக்காலைத் தூக்கி வைத்திருந்தது. பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மெலிந்த மனிதன் குந்தியிருந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் வளைந்த சின்னக் கத்தி. யானையின் நகத்துக்கும் தோலுக்கும் இடையில், வீங்கியிருந்த இடத்தை, நகம் வெட்டுவது போல் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டிருந்தார். சட்டென்று சலமும் இரத்தமுமாக வெளியே வந்தது. அதற்குள் விரலை விட்டு ஏதோ ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து எங்களுக்குக் காட்டினார். சோடாப் போத்தல் துண்டு. என் சின்னி விரல் நகமளவு பச்சைக் கண்ணாடி. பிறகு மஞ்சள் கலந்த சுடுதண்ணீரால் கழுவி, வேப்பெண்ணெய் பூசினார். அந்த நேரமெல்லாம் யானை அசையவில்லை. தும்பிக்கையின் நுனியை மட்டும் அவர் தலைமயிருக்குள் விட்டுத் தேடிக்கொண்டே இருந்தது. அவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பிடிபட்ட சொல் ஒன்றுதான்: 'மோளே, மோளே.'

ஐயா கேட்டார், 'சாப்பிட்டாச்சோ?' அவர் யானையைக் காட்டி, பிறகு தன்னைக் காட்டினார். அது தின்ற பிறகுதான் தனக்கு என்று அர்த்தம்.

காட்சி தொடங்கியது. சிவப்பு முக்காலி உள்ளே வந்தது. அதே முக்காலி. யானை அதன்மேல் இருந்து இரண்டு முன்கால்களையும் தூக்கியது. ஒலிபெருக்கிக்காரன் யானையின் பெயர் ராணி என்று மூன்று தரம் சொன்னான். மினுங்குகிற நீளச் சட்டை போட்டு, கையில் அங்குசத்தோடு நின்ற மனிதனின் பெயரை ஒரு தரமும் சொல்லவில்லை. நான் அந்த வலக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் கை தட்டியது. எனக்கு அழுகை வந்தது. ஐயாவுக்குக் காட்டாமல் சட்டையால் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட இருக்கும்போது ஐயா இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னார். அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டா, 'யானை தின்னவே சாமம் ஆகுமே. அப்ப அந்த மனிசன் எப்ப சாப்பிடுறது?'

ஜம்போவின் பாகனுக்குப் பெயர் உண்டு. மத்தியூ ஸ்கொட். 1834இல் இங்கிலாந்தில் பிறந்தவர். டார்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் பறவைகளையும் மிருகங்களையும் பார்த்து வளர்ந்து, பிறகு லண்டன் மிருகக்காட்சிச் சாலைக்கு வேலைக்கு வந்தார். ஜம்போ 1860 அளவில் சூடான், அபிசீனியா எல்லைப் பக்கத்தில் பிறந்த ஆபிரிக்க யானை. தாயைக் கொன்றுவிட்டுக் குட்டியைப் பிடித்தார்கள். பாலைவனம் தாண்டி, கடல் தாண்டி, கை மாறிக் கை மாறிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தது. 1865 யூன் 26ஆம் திகதி, ஒரு காண்டாமிருகத்தைக் கொடுத்து லண்டன்காரர் அதை மாற்றி எடுத்தார்கள். பிரான்சுக்குப் போய் அழைத்து வந்தவர் ஸ்கொட்தான்.

அவர் 1885இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். தன் கதையும் ஜம்போவின் கதையும். அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே தன் பெயருக்குப் பின்னால் 'ஜம்போவின் காப்பாளன்' என்று போட்டிருக்கிறார். அந்தக் குட்டி வந்து சேர்ந்தபோது எப்படி இருந்தது என்று அதில் சொல்கிறார்: உடம்பு முழுக்கப் புண், கண்களை நோய் அரித்திருக்கிறது, கால் நகங்கள் அழுகியிருக்கின்றன. அந்த வரிகளை ரொறன்ரோ நூலகத்தில் வாசித்த அன்று எனக்கு முற்றவெளியின் சிவப்பு முக்காலிதான் கண்ணுக்குள் வந்தது. ஸ்கொட் அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து, கழுவி, மருந்து போட்டு, மாதக்கணக்கில் பார்த்து எழுப்பி எடுத்தார். ஒரு யானையைக் கையாளுகிற எவருக்கும் முதலில் தெரிய வேண்டியது அதன் கால்தான். காட்டில் நாள் முழுக்க நடந்து தேயும் பாதம், கட்டி வைத்த இடத்தில் தன் மூத்திரத்திலும் ஈரத்திலும் நின்று அழுகத் தொடங்கும். பிடித்து வைத்த யானைகளில் எத்தனையோ காலில் வந்த புண்ணால்தான் செத்தன.

பதினேழு வருசம் ஜம்போ லண்டனில் நின்றது. முதுகில் இருக்கை கட்டி, ஏணி வைத்துப் பிள்ளைகளை ஏற்றி, ஸ்கொட் பக்கத்தில் நடந்துகொண்டு போவார். அந்தக் காலத்துப் படங்களில் இரண்டு பேரும் சேர்ந்தே நிற்கிறார்கள். வேறு எவரும் ஜம்போவின் கிட்டப் போவதை ஸ்கொட் விரும்பியதில்லை. ஜம்போவும் வேறு எவர் சொல்லும் கேட்டதில்லை.

ஆனால் இரவில் அது வேறு யானை. கதவை இடிக்கும், சுவரில் தந்தங்களைத் தேய்த்துத் தேய்த்துக் குட்டையாக்கும். மதம் பிடிக்கிற வயது வந்துவிட்டது, ஒருநாள் பிள்ளைகளோடு ஓடினால் என்ன செய்வது என்று மிருகக்காட்சிச் சாலையின் பொறுப்பாளர் ஏபிரகாம் பார்ட்லெற் பயந்தார். யானைத் துப்பாக்கி ஒன்று வாங்கித் தரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். உண்மை என்னவென்றால் அந்த யானைக்குப் பல்வலி. 2017இல் டேவிட் அற்றன்பரோவின் பிபிசி நிகழ்ச்சிக்காக அதன் எலும்புக்கூட்டை ஆராய்ந்தபோது, கடைவாய்ப் பற்கள் கோணலாக ஒன்றின்மேல் ஒன்று நெரிந்து கிடந்தன. மரப்பட்டையும் கொப்பும் மென்று தேய வேண்டிய பல், வைக்கோலும் இனிப்புப் பணியாரமும் தின்று தேயாமல் நின்றுவிட்டது. பழைய பல் விழாமல் புதுப் பல் பின்னால் இருந்து தள்ளியிருக்கிறது. இடுப்பும் முழங்காலும் அந்த வயதுக்குப் பொருந்தாமல் தேய்ந்திருந்தன. அவ்வளவு பிள்ளைகளை முதுகில் சுமந்த தேய்மானம். நூற்று முப்பது வருசத்துக்குப் பிறகுதான் அந்த வலிக்கு ஒரு பெயர் கிடைத்தது. அந்த இரவுகளில் பக்கத்தில் இருந்து ஆறுதல்படுத்தியது ஸ்கொட். பியரும் விஸ்கியும் கொடுத்தார் என்கிறார்கள். இரவு குடிக்கும்போது தன் பங்கை ஜம்போவோடு பங்கிடுவாராம். ஒருநாள் மறந்துவிட்டுப் படுத்தபோது, யானை தும்பிக்கையால் அவரைப் படுக்கையில் இருந்து தூக்கி இறக்கி வைத்தது என்று ஒரு கதை உண்டு. கதையோ உண்மையோ, எனக்கு நம்பப் பிடிக்கும்.

1882இல் பார்ட்லெற் ஜம்போவை அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி. ரி. பார்னமுக்கு 2,000 பவுணுக்கு விற்றார். இங்கிலாந்து கொதித்தது. பத்திரிகைகள் எழுதின, வழக்குப் போட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மகாராணிக்குக் கடிதம் எழுதினார்கள். யானையைத் துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டு போனபோது அது வீதியில் படுத்துவிட்டது. சக்கரம் பூட்டிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் அதற்குள் கால் வைக்கவில்லை. கிழமைக்கணக்காக இது நடந்தது. பார்ட்லெற்றுக்கு ஒரு சந்தேகம். ஸ்கொட்தான் ஏதோ சைகை காட்டி யானையைத் தடுக்கிறார் என்று. அவர் ஸ்கொட்டைக் கூப்பிட்டு, நீ தேவையில்லை, பார்னம் அனுப்பிய ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் யானை பெட்டிக்குள் போனது.

இந்த இடத்தில் நான் எத்தனையோ தரம் நின்றிருக்கிறேன். ஸ்கொட் சைகை காட்டினார் என்றே வைத்துக்கொள்வோம். தன் பிள்ளையை அனுப்ப மனமில்லாத ஒருவர் வேறென்ன செய்வார்? பிரித்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் தானும் சேர்ந்து போகத் துணிந்தார். நாற்பத்தெட்டு வயதில், உறவு சுற்றம் எல்லாம் விட்டு, ஒரு யானைக்காக நாடு மாறினார். 'அசிரியன் மொனார்க்' என்ற கப்பல் மார்ச் 25 புறப்பட்டு, ஏப்ரல் 9 நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. அட்லாண்டிக் கடலில் இரண்டு கிழமை, ஆட்டத்திலும் குளிரிலும், பெட்டிக்கு முன்னால் ஸ்கொட் இருந்தார். நாங்களும் இதே கடலைத் தாண்டி வந்தவர்கள்தான். ஒருவர் கையை ஒருவர் விடாமல் வந்தவர்களுக்கும், தனியாக வந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் பேஸ்மென்றில் எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்கக் காலத்தை விரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பார்னம் போட்ட முதலைச் சில வாரங்களிலேயே எடுத்துவிட்டார். 1884 மே 17, புதிதாகத் திறந்த புறூக்ளின் பாலம் பாரம் தாங்கும் என்று சனத்துக்குக் காட்ட 21 யானைகளை அதன்மேல் நடக்கவிட்டார். ஜம்போ கடைசியில் வந்தது. ஊர் ஊராகப் போக அதற்கெனத் தனி றெயில் பெட்டி. அதே பெட்டிக்குள், யானையின் தலைமாட்டில், ஸ்கொட்டின் படுக்கை. றெயில் சத்தத்துக்கு யானை நித்திரை கொள்ளாது. தும்பிக்கையை நீட்டி அவர் இருக்கிறாரா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதை ஸ்கொட் முறைப்பாடாக எழுதவில்லை, பெருமையாக எழுதியிருக்கிறார்.

1885 செப்ரெம்பர் 15 இரவு, சென்ற் தோமஸ். காட்சி முடிந்து மிருகங்களை றெயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜம்போவும், ரொம் தம்ப் என்ற சின்ன யானையும் கடைசி. ஒரு பக்கம் நிறுத்தி வைத்த சர்க்கஸ் றெயில், மறு பக்கம் சரிவு, நடுவில் தண்டவாளம். அந்தத் தண்டவாளத்தில் எதிர்பாராமல் ஒரு சரக்கு றெயில் வந்தது. ஓடு, ஓடு என்று ஸ்கொட் ஜம்போவைக் கத்திக் கலைத்திருக்கிறார். எஞ்சின் முதலில் சின்ன யானையை அடித்துக் காலை முறித்தது. பிறகு ஜம்போவைப் பின்னால் மோதியது. சில நிமிடத்தில் உயிர் போனது. ஸ்கொட் அதன் தலையோடு இருந்து அழுதார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சின்ன யானையைக் காப்பாற்றப் போய் ஜம்போ உயிர் கொடுத்தது என்று பார்னம் பிறகு பரப்பினார். அது பார்னமின் கதை. நடந்தது வெறும் விபத்து.

அடுத்த நாள் படம் எடுத்தார்கள். சரிவோரம் மலை போல் சாய்ந்து கிடக்கும் யானை, சுற்றிவர ஊர்ச் சனம். பிறகு றொச்செஸ்ரரில் இருந்து ஆட்கள் வந்து உரித்தார்கள். வயிற்றுக்குள் சில்லறைக் காசுகள் கிடந்தன. இங்கிலாந்துக் காசு. லண்டன் பிள்ளைகள் கொடுத்த காசு. அதை அது கடைசிவரை சுமந்திருக்கிறது.

தோலை அடைத்து ஒரு ஜம்போ, எலும்பைக் கோர்த்து இன்னொரு ஜம்போ என்று பார்னம் இரண்டையும் காட்சிக்கு வைத்தார். லண்டனில் ஜம்போவோடு நின்ற அலிஸ் என்ற பெண் யானையை வாங்கி வந்து, அதை விதவை என்று சொல்லி, அடைத்த தோலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பாகனாக அங்கேயும் ஸ்கொட். 1887இல் பிரிட்ஜ்போர்ட்டில் சர்க்கஸின் குளிர்காலக் கொட்டகை எரிந்தபோது அலிசும் எரிந்து போனது. தோல் பிறகு பொஸ்ரனுக்குக் கிட்ட இருக்கும் ரஃப்ற்ஸ் கல்லூரிக்குப் போனது. மாணவர்கள் சோதனைக்கு முதல் தும்பிக்கையில் காசு வைப்பார்களாம். 1975 ஏப்ரலில் கட்டடம் தீப்பிடித்து அதுவும் எரிந்தது. சாம்பலில் கொஞ்சத்தை அள்ளி ஒரு கடலை வெண்ணெய்ப் போத்தலில் போட்டு இன்றுவரை வைத்திருக்கிறார்கள். எலும்புக்கூடு நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். சிலை சென்ற் தோமஸில். பெயர் எங்கள் வாயில். யாழ்ப்பாணத்துக் கடையிலும் சரி, சென்னையிலும் சரி, பெரிதாக எதைக் கண்டாலும் 'ஜம்போ' என்கிறோம்.

ஸ்கொட் பிரிட்ஜ்போர்ட்டை விட்டுப் போகவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பவும் இல்லை. சர்க்கஸின் குளிர்கால இடத்தில் சின்ன மிருகங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்சக் காலம் இருந்தார். 1914இல், எண்பது வயதில், அந்த ஊரின் ஏழைகள் விடுதியில் செத்தார். யானை செத்து இருபத்தொன்பது வருசம் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்த அன்று நான் அம்மாவுக்கு எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை.

தேடிப் போன வழியில் எங்கள் ஊரும் வந்தது. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைத்துறை என்று அழைத்தார்கள். 'கைற்ஸ்' என்ற பெயரே அதில் இருந்து வந்ததுதான். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவுக் கடல்நீரேரியால் இறக்கிக் கொண்டுவந்து, அந்தத் துறையில் கப்பல் ஏற்றினார்கள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் வருசா வருசம் யானை ஏலம் வைத்தார்கள். இந்தியக் கரையில் இருந்து வியாபாரிகள் வந்து வாங்கினார்கள். நான் பள்ளிக்கூடம் போகும்போது ஆனையிறவு என்று ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். ஒரு தரமாவது அந்தப் பெயருக்குள் யானைகள் நடந்து போவதைக் காணவில்லை. பிரித்தானியர் காலத்தில் யானையைக் கொன்றவனுக்குச் சன்மானம் கொடுத்தார்கள். 1848க்கு முந்திய மூன்று வருசத்துக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கேட்கப்பட்டதாகப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற் தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதே புத்தகத்தில் பணிக்கர்களைப் பற்றியும் எழுதுகிறார். வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்தவர்கள், இரண்டு பேராகப் போய் மான்தோல் கயிறு ஒன்றால் காட்டு யானையின் பின்னங்காலில் சுருக்குப் போடுகிறவர்கள்.

அடுத்தது என்னை உலுப்பிய செய்தி. ஜம்போவுக்கு முப்பது வருசம் முந்தி, 1850இல், இதே பார்னம் இலங்கைக்குக் கப்பல் அனுப்பினார். காட்டில் நூற்றுக்கு மேற்பட்ட உள்ளூர் ஆட்களை வைத்து யானைகளைப் பிடித்து, 1851இல் பத்து யானைகளை நியூயோர்க் வீதியில் தேரில் பூட்டி ஊர்வலம் விட்டார்கள். யானைகளைப் பார்க்க ஒரு ஆளையும் இலங்கையில் இருந்து கொண்டுபோயிருக்கிறார்கள். பார்னமின் சுயசரிதையில் அந்த மனிதர் அரை வரி. யானைகளைக் கையாளத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர், அவ்வளவுதான். பெயர் இல்லை. ஊர் இல்லை. பின்னாளில் அந்த யானைகளில் ஒன்றைப் பார்னம் பிரிட்ஜ்போர்ட்டில் றெயில் பாதையோரம் ஏர் பூட்டி நிறுத்தினார். காப்பாளனுக்குக் கிழக்கத்திய உடுப்புப் போட்டு, கையில் றெயில் நேரசூசியைக் கொடுத்து, வண்டி வரும்போதெல்லாம் உழச் சொன்னார். பயணிகள் பார்க்க வேண்டும், பார்த்துப் பார்னமின் அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும். அதே நிலம் அறுபது தரத்துக்கு மேல் உழப்பட்டது. மினுங்குகிற நீளச் சட்டையோடு முற்றவெளியில் நின்றவரை நான் இந்த இடத்தில்தான் திரும்பக் கண்டேன்.

பாகர்களைத் தேவர்களாக்க நான் வரவில்லை. அங்குசத்தின் கூர் எங்கே குத்தும் என்று தெரிந்தவன் பாகன். கன்றின் காலைக் கட்டிப் பட்டினி போட்டுப் பழக்கியவனும் பாகன். சர்க்கஸ் யானையின் வாழ்க்கை கொடுமையானது. அது முடிந்தது நல்லது. ரிங்ளிங் சர்க்கஸ் 2016 மே மாதம் யானைகளை நிறுத்தியபோது நான் சந்தோசப்பட்டேன். ரொறன்ரோ மிருகக்காட்சிச் சாலையில் ரோகா, திக்கா, இரிங்கா என்று மூன்று ஆபிரிக்க யானைகள் இருந்தன. என் மகளைச் சின்ன வயதில் எத்தனையோ தரம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இந்தக் குளிரில் அவை நிற்கக் கூடாது என்று மாநகரசபை 2011இல் முடிவெடுத்து, 2013 ஒக்ரோபரில் லொறியில் கலிபோர்ணியாவின் சரணாலயத்துக்கு அனுப்பியது. ஜம்போவை இழுத்துத் தள்ளியதுபோல் இல்லை. பெட்டிக்குள் போகவும் வரவும் மாதக்கணக்காகப் பழக்கிய பிறகே ஏற்றினார்கள். லொறி புறப்படுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் கேட்டாள்: 'அப்பா, அவையைப் பார்த்துக்கொண்ட ஆக்கள் நாளைக்குக் காலமை எங்க போவினம்?' அம்மாவின் பேத்தி என்று அப்போது நினைத்தேன்.

போன வருசம் மகளின் குடும்பத்தோடு திரும்பவும் சென்ற் தோமஸ் போனேன். முப்பது வருசத்தில் மரங்கள் உயர்ந்துவிட்டன. யானை அதே மேட்டில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு. பேத்திக்கு ஐந்து வயது. யானையின் முன் வலக்காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடு என்றாள். கொங்கிரீற் வெயிலில் காய்ந்திருந்தது. நகங்களைக்கூட அந்தச் சிற்பி கவனமாகச் செதுக்கியிருக்கிறார். 1991இல் நான் அதைப் பார்க்கவில்லை. ஜக்கற்றையும் கமராவையும்தான் பார்த்தேன்.

அன்று இரவு அம்மாவை வாட்ஸ்அப்பில் எடுத்தேன். இப்போது அவவுக்கு எண்பத்தேழு வயது. மானிப்பாயில் அதே வீடு, அதே விறாந்தை. கதிரைக்குப் பின்னால் ஐயாவின் படம். பேத்தி எடுத்த படங்களைக் காட்டினேன். பிறகு, இவ்வளவு வருசமும் காட்டாமல் வைத்திருந்த ஒன்றைக் காட்டினேன். இங்கிலாந்து லண்டனில் எடுத்த பழைய படம். மங்கிய மண் நிறம். ஜம்போ பக்கவாட்டில் நிற்கிறது. அதன் அருகில் தொப்பியும் கோட்டுமாக ஒரு மனிதன்.

'அம்மா, நீங்கள் கேட்டியளே. இவர்தான் பாகன். மத்தியூ ஸ்கொட்.'

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டப் பிடித்தா. நான் புண்ணைக் கழுவியதில் இருந்து தொடங்கி, பெட்டி, கப்பல், றெயில் பெட்டிக்குள் தலைமாட்டில் படுத்தது, தண்டவாளம் எல்லாம் சொன்னேன். ஏழைகள் விடுதியையும் சொன்னேன். அவ குறுக்கே ஒன்றும் பேசவில்லை. சொல்லி முடிந்த பிறகும் கனநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

'தம்பி, யானை செத்த அண்டு இரவு,' எண்டா, 'அந்த மனிசனுக்கு ஆர் சாப்பாடு குடுத்தது?'